காலண்டர் அண்ணனும் பதினாலு நாளும்

கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் காலண்டர் அண்ணனைப் பார்த்துக் கதவைச் சாத்தாத வீடே கிடையாது. சாத்திய கதவைத் தானே திறந்து அவருக்குக் கோப்பி கலக்கிக் கொடுக்காத வீடும் கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் ஆகும். ரொம்பக் கோபக்காரர்கள் வீடு என்றால் ஒன்றரை மணி.

பட்டணத்துக் கடை வரிசையில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த வக்கீல் ஆபிஸில் நான் எட்டு வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். அங்கே கடுதாசி கொண்டுபோய்க் கொடுக்கிறவர் காலண்டர் அண்ணன். கடுதாசி என்றால் கல்யாணப் பத்திரிகை இல்லை, கோர்ட் சம்மன். ஒருவர் இன்னொருவர் மேல் வழக்குப் போட்டால், அந்தத் தாளைப் பதிவுத் தபாலிலும் அனுப்பலாம், ஆனால் எங்கள் ஆபிஸில் எதிராளியின் கையிலேயே கொடுத்துவிட்டு வருவதுதான் வழக்கம். அவருடைய சொந்தப் பெயரை எத்தனையோ சத்தியப் பிரமாணங்களில் நானே டைப் அடித்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டால் யாரோ வேற்று ஆள் போல இருக்கும். அவர் பெண்டாட்டியே போன் பண்ணி, "காலண்டர் இருக்காராம்மா?" என்றுதான் கேட்பார்.

அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு பெட்டி. அதில் சம்மன் கொஞ்சம், காலண்டர் நிறைய. வருஷம் பிறப்பதற்கு முன்பே சீனர் மளிகைக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கி, பெரிய எண் போட்ட காலண்டர்களாகச் சேர்த்து வைத்துக்கொள்வார். சம்மன் கொடுக்கிற வீட்டில் சுவரைப் பார்ப்பார். காலண்டர் இல்லையென்றால் ஆணியும் அவரே அடிப்பார். பிறகு சட்டைப்பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்து, மறுநாளிலிருந்து விரல் விட்டு எண்ணி, பதினாலாவது நாளைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டை ஓடு. "எழுத்துத் தெரியாதவங்களுக்கும் புரியணும்ல" என்பார். மண்டை ஓடு சில சமயம் பப்பாளிப் பழம் போல வந்துவிடும். ஜெராம் பக்கத்தில் ஒரு பாட்டையா அதைப் பார்த்துவிட்டுப் பதினாலாம் நாள் நிஜமாகவே ஒரு பப்பாளியோடு கோர்ட்டுக்கு வந்தார். வந்தாரே, அதுதான் முக்கியம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நாங்கள் வழக்குப் போட்டவர் பக்கம். சம்மன் வாங்கியவர் பதினாலு நாளைக்குள் கோர்ட்டுக்குப் போய் 'நான் வழக்காடப் போகிறேன்' என்று ஒரு படிவம் கொடுக்காவிட்டால், விசாரணையே இல்லை. சாட்சி இல்லை, கேள்வி இல்லை, நியாயம் யார் பக்கம் என்ற பேச்சே இல்லை. வராததனாலேயே அவர் தோற்றுப்போவார். எங்கள் லாயரம்மாவின் வரும்படியில் பாதி இப்படி வராமல் போனவர்களால் வந்தது. நான் தீர்ப்புக்கான படிவத்தை நிரப்பித் தயாராக வைத்துக்கொண்டு பதினைந்தாம் நாள் காலைக்காகக் காத்திருப்பேன். ஆனால் காலண்டர் அண்ணன் சம்மன் கொடுத்த ஆட்கள் மட்டும், பல் தேய்த்து, திருநீறு பூசி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கோர்ட் கவுன்ட்டரில் வந்து நிற்பார்கள்.

லாயரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஒரு கடுதாசி குடுக்க ஒரு நாளா? நீ கூடப் போய்ப் பாரு" என்று ஒருநாள் என்னை அனுப்பினார்.

அசாம் ஜாவா தாண்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்று. அங்கே டிராக்டர் ஓட்டுகிற சுப்பையாவுக்குச் சம்மன். சாலையில் நின்ற மாட்டின் மேல் ஒருவர் காரைக் கொண்டுபோய் மோதியிருந்தார். மாடு செத்தது, காரின் மூக்கு போயிற்று. மாடு சுப்பையாவுடையது என்று கார்க்காரர் வழக்குப் போட்டிருந்தார். கார்க்காரர் எங்கள் கட்சிக்காரர்.

மோட்டார் சத்தம் கேட்டதுமே ஒரு உருவம் வீட்டின் பின்வாசல் வழியாகச் செம்பனைக்குள் ஓடியது. சுப்பையாவின் மனைவி வாசலுக்கு வந்து, "அவரு வீட்டுல இல்லீங்க" என்றார்.

"பரவால்லம்மா, நான் இருக்கேன்" என்று காலண்டர் அண்ணன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. கொடியில் அவிழ்ந்திருந்த துணியை இழுத்துக் கட்டினார். கோழிக்குத் தண்ணீர் வைத்தார். குரைத்த நாய் அரை மணியில் அவர் காலில் தலை வைத்துத் தூங்கிவிட்டது. பிறகு, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் செம்பனை மரங்களைப் பார்த்து, "சுப்பையா! அந்த எடத்துல எறும்பு ஜாஸ்தி லா! கடிக்கலையா?" என்று கத்தினார்.

"கடிக்குது!" என்றது ஒரு மரம்.

சுப்பையா காலைச் சொறிந்துகொண்டே வந்தார். வந்ததும் ஒரே ஒப்பாரி. "எனக்கு மாடே இல்லண்ணே. அது எவன் மாடோ. என் வீட்டுக்கு முன்னால நின்னுச்சு, அவ்வளவுதான். இல்லாத மாட்டுக்கு நான் எதுக்குக் கோர்ட்டுக்குப் போவணும்?"

"இங்க பாரு. நீ பதினாலு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தீன்னா, கோர்ட்டே அது உன் மாடுன்னு முடிவு பண்ணிடும்."

"அது எப்புடி? இல்லாத மாடு எப்புடி என் மாடாவும்?"

"ஆவும். அதுவும் செத்த மாடு. பாலும் கறக்க முடியாது. அப்புறம் ஒருநாள் ஆளுங்க வந்து உன் டிவி, மோட்டார், பெட்டி படுக்கை எல்லாத்துக்கும் சீட்டு ஒட்டி எடுத்துக்கிட்டுப் போவாங்க. அன்னைக்கு நீ, 'ஐயோ எனக்கு மாடே இல்ல'ன்னு கத்துனாலும் கேக்கறதுக்கு ஆளு இருக்காது. கேக்கற நாளு இது."

மார்க்கர், வட்டம், மண்டை ஓடு. சுப்பையாவின் மனைவி அதற்கு ஒரு பொட்டும் வைத்தார்.

திரும்பும் வழியில் கேட்டேன். "அண்ணே, நாம கார்க்காரர் பக்கம். ஞாபகம் இருக்கா?"

"அதான் சம்மனைக் குடுத்துட்டேனே தங்கச்சி" என்றார், என் கேள்வியே புரியாதவர் போல.

அதோடு விடவில்லை அவர். ஏழாம் நாள் அந்தப் பக்கம் போய்ச் சாலையிலிருந்தே "ஏழு!" என்று கத்தினார். பத்தாம் நாள் "நாலுதான் இருக்கு!" என்றார். இவ்வளவுக்கும் சுப்பையா பதினாலாம் நாளைக் கோட்டைவிட்டுவிட்டார். பதினைந்தாம் நாள் காலை என் கையில் படிவம் தயார். ஆனால் அதோடு ஒரு தாள் சேர வேண்டும். சம்மனை இன்ன நாள், இன்னார் கையில் கொடுத்தேன் என்று கொடுத்தவர் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்ட தாள். அது இல்லாமல் கோர்ட் தீர்ப்புத் தராது.

அன்றைக்குக் காலண்டர் அண்ணனுக்குப் பல்வலி. கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, "சத்தியம் பண்ண வாயே தெறக்க முடியல" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். மனிதருக்கு வருஷம் முழுக்க ஒரு தும்மல் கிடையாது. பதினைந்தாம் நாள்களில் மட்டும் வயிற்றுப்போக்கு, காதுவலி, பூரான் கடி. அன்று மத்தியானம் சுப்பையா ஓட்டமும் நடையுமாகக் கவுன்ட்டருக்கு வந்து படிவத்தைக் கொடுத்துவிட்டார். தீர்ப்பு விழும் முன் வந்துவிட்டால், லேட்டானாலும் வாங்கிக்கொள்வார்கள். பல்வலி மறுநாள் சரியாகிவிட்டது.

வினை கோர்ட்டில் வந்தது. முதல் நாள் வழக்கு எடுத்தபோது, நீதிபதி சுப்பையாவைப் பார்த்து, இந்த மாதிரி வழக்குகளில் யாருமே வருவதில்லையே, நீங்கள் வந்தது நல்லது என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, சுப்பையா எழுந்து கும்பிட்டார்.

"எல்லாம் அந்த அண்ணன் புண்ணியம்ங்க! லாயரம்மா ஆபிஸ் அண்ணன். மூணு தடவ வீட்டுக்கு வந்து சொன்னாரு. பதினஞ்சாம் நாளு போன் பண்ணி என்னை வெரட்டிவிட்டுட்டு, எனக்காகப் பல்வலின்னு வேற படுத்துட்டாருங்க!"

மொழிபெயர்ப்பாளர் நேர்மையான மனிதர். பல்வலி உட்பட எல்லாவற்றையும் மலாயில் சொன்னார். நீதிபதி குனிந்து எதையோ ரொம்ப நேரம் எழுதினார். அவர் தோள் குலுங்கியது. லாயரம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாட்டின் காதில் ஒரு வெட்டு அடையாளம் இருந்தது, அது அடுத்த தோட்டத்துக்காரர் மாடு என்று பின்னால் நிரூபணமாயிற்று. கார்க்காரரும் சரியான ஆள் மேல் வழக்கை மாற்றிப் போட்டு ஜெயித்தார். அதெல்லாம் பிறகு. அன்று ஆபிஸில் லாயரம்மா கேட்டது ஒரே கேள்வி. "அண்ணே, நீங்க யாருக்கு வேலை செய்றீங்க?"

"உங்களுக்குத்தாம்மா. ஆனா குடுக்கறதுன்னா புரியற மாதிரி குடுக்கறதுதானே? தபால் பெட்டியில போடறதுக்கு நான் எதுக்கு?"

சொல்லியிருக்கக்கூடாது. மறுநாளிலிருந்து சம்மன் எல்லாம் பதிவுத் தபாலில் போயிற்று. காலண்டர் அண்ணனை என் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஃபைலுக்கு ஓட்டை போடச் சொன்னார்கள்.

அந்த மூன்று மாதம் என் வாழ்க்கையில் நான் பட்ட பாடு! அவருக்குக் கத்துவதற்குத் தோட்டம் இல்லை. நான்தான் இருந்தேன். "தங்கச்சி, இன்னைக்கு எது கடைசி நாளு? நாளைக்கு எது? எழுதி வச்சியா? காட்டு." ஒருநாள் எரிச்சலில், "அண்ணே, ஓட்டை போடறது உங்க வேலை, நாள் பாக்கறது என் வேலை" என்றேன். அவர் "சரிம்மா" என்று ஓட்டை போடும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

அப்போது எனக்கு நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைக்குள் புடவையும் பலகாரமும்தான். சுங்கை செம்பிலாங்கில் பீசாங் கோரெங் கடை வைத்திருந்த அந்தோணியம்மாள் எங்கள் கட்சிக்காரர். கடை இருக்கும் நிலத்தின் சொந்தக்காரர் இறந்து, நிலம் மகன் கைக்கு வந்ததும், இடத்தைக் காலி பண்ணு என்று அந்த மகன் வழக்குப் போட்டுவிட்டார். வாழைப்பழம் பொரித்தே மூன்று பெண்களைப் படிக்க வைத்தவர் அந்தோணியம்மாள். பழைய முதலாளி, நீ உயிரோடு இருக்கிறவரை கடை போட்டுக்கொள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் அவரிடம் இருந்தது. நல்ல வழக்கு. 'வழக்காடப் போகிறேன்' என்கிற ஆஜர் படிவம் கொடுத்தாயிற்று. பதில் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டிய நாளை நான் 13 என்று எழுதுவதற்குப் பதில் 31 என்று எழுதிவிட்டேன். அது போதாதென்று, எதிர்த்தரப்பு வக்கீல், ஏழு நாளில் பதில் வராவிட்டால் தீர்ப்பு வாங்குவேன் என்று மரியாதையாக அனுப்பிய கடிதத்தையும் பார்க்காமல் வேறு ஃபைலில் சொருகிவிட்டேன்.

ஒருநாள் காலையில் தபாலில் தீர்ப்பு வந்தது. அந்தோணியம்மாள் கடையைக் காலி செய்ய வேண்டும். விசாரணை இல்லை, கேள்வி இல்லை. எத்தனையோ பேருக்கு நான் நிரப்பி வைத்த அதே படிவம். அன்றுதான் அதை முதல்முறையாகப் படிக்கிற மாதிரி படித்தேன்.

படித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? மேசையின் கடைசி டிராயரில், கையேடுகளுக்கு அடியில், ஒளித்து வைத்தேன். மூன்று நாள். யார் படியேறி வந்தாலும் அந்தோணியம்மாள் என்றே தோன்றியது.

மூன்றாம் நாள் மத்தியானம் லாயரம்மா வெளியே போயிருந்த நேரம். காலண்டர் அண்ணன் ஓட்டை போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், "எந்த டிராயர்ல வச்சிருக்க?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எடுத்துக் கொடுத்தேன். அவர் படித்தார். திட்டுவார், 'நான்தான் கேட்டேனே' என்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நான் லோரியில கிளீனரா இருந்தப்ப எனக்கும் ஒரு சம்மன் வந்துச்சு. வீட்டு நெலம். நான் அதை மெத்தைக்கு அடியில வச்சேன். படிச்சாத்தான் நடக்கும், படிக்காட்டி நடக்காதுன்னு நெனச்சேன். பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. அப்புறம் ஆளுங்க வந்தாங்க. அடுப்புல சோறு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அடுப்போட தூக்கி வெளிய வச்சாங்க." தீர்ப்புத் தாளை மேசையில் வைத்து நீவினார். "வீடு போனதுகூடப் பரவால்ல தங்கச்சி. என் பக்கம் நியாயம் இருந்துச்சு. பத்திரம் இருந்துச்சு. கேக்கறதுக்கு ஒரு நாற்காலி போட்டு ஒரு மனுசன் உக்காந்திருந்தாரு. நாந்தான் போவல."

பிறகு அவர் பழைய காலண்டர் அண்ணனாகிவிட்டார். "தீர்ப்ப ரத்து பண்ணச் சொல்லிக் கேக்க முப்பது நாளு இருக்கு. மூணு நாளை நீ தின்னுட்ட. இருபத்தேழு. லாயரம்மா அஞ்சு மணிக்கு வருவாங்க. வந்ததும் சொல்ற. நாளைக்குக் காலையில செம்பிலாங் போறோம்."

சொன்னேன். லாயரம்மா கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அந்தோணியம்மாள் ஃபைலைக் கேட்டார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அந்தோணியம்மாள் கடையில் நின்று, "அக்கா, தேதிய நான்தான் தப்பா எழுதிட்டேன். அதனால கேஸ் தோத்துப்போச்சு" என்று சொன்னேன். எண்ணெயில் பழம் கருகுகிற வாடை வந்தது. அவர் ஜல்லிக்கரண்டியைத் தூக்கி எறிந்தார். அது என் மேல் படவில்லை, கெச்சாப் புட்டியை உடைத்தது. அவர் சொன்ன வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது. எல்லாம் நியாயமான வார்த்தைகள். மூச்சு வாங்க நின்றபோது காலண்டர் அண்ணன் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "இன்னும் இருபத்தாறு நாளு இருக்கும்மா" என்றார்.

"எதுக்கு?"

"கேக்கறதுக்கு."

பிழை என்னுடையது என்று நானே சத்தியப் பிரமாணம் எழுதி, சத்திய ஆணையர் முன் கையெழுத்துப் போட்டேன். அந்தோணியம்மாளும் பழைய முதலாளி கொடுத்த தாளை வைத்துத் தன் பக்க நியாயத்தைச் சொல்லி ஒரு பிரமாணம் கொடுத்தார். நீதிபதி தீர்ப்பை ரத்து செய்தார். ஆனால் இரண்டு நிமிஷம் எங்கள் ஆபிஸைப் பற்றிப் பேசினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எதிர்த்தரப்புக்கான செலவை லாயரம்மா தன் கையிலிருந்து கட்டினார். வழக்கு முறையாக நடந்து, அந்தோணியம்மாள் கடை அங்கேயே நின்றது.

அந்த வாரமே லாயரம்மா காலண்டர் அண்ணனைக் கூப்பிட்டார். "நாளைக்கு வெளிய போங்க. எத்தனை நாள்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை பேசக்கூடாது. பல்வலியும் வரக்கூடாது."

"எண்ணு மட்டும்தாம்மா" என்று சத்தியம் செய்தார். அதைக் காப்பாற்றவும் செய்தார். எண்ணை மட்டும்தான் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் இருபது தடவை.

எனக்குக் கல்யாணமாகி கோலா குபு பாருவுக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. செம்பிலாங் பக்கம் எப்போது போனாலும் அந்தோணியம்மாள் என்னைக் கட்டிக்கொள்வார். பணம் வாங்க மாட்டார். ஒரு பை நிறையப் பொரித்துக் கட்டிக் கொடுப்பார். அந்த ஜல்லிக்கரண்டியை எறிந்த கை இவ்வளவு சீக்கிரம் மன்னித்ததே என்று நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். பெரிய மனசு என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் போனபோது, கடை பெஞ்சில் காலண்டர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. அவர் முன்னால் ஒரு தட்டுப் பழம். அந்தோணியம்மாள் அவரைத் திட்டிக்கொண்டே பொரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மனுசனை நம்பி ஒரு ஆபிஸ் நடத்துனாங்க பாரு! தேதிய மாத்திச் சொல்லி என் கடையைப் புடுங்கப் பாத்தியே! பாவம், இந்தப் புள்ள உனக்காகப் பழிய ஏத்துக்கிட்டு என்கிட்ட ஏச்சு வாங்குச்சு. கோர்ட்டுலகூட உனக்காகப் பொய் எழுதிக் குடுத்துச்சு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருக்கா இப்படிச் சொன்னது?"

"இவருதான். நீங்க ரெண்டு பேரும் வந்துட்டுப் போன மறுநாளே மோட்டார எடுத்துக்கிட்டுத் தனியா வந்து நின்னாரு. 'தப்பு என்னுதும்மா, எனக்கு வேலை போயிடும்னு அந்தப் பொண்ணு தன் மேல போட்டுக்கிச்சு, கல்யாணம் ஆவப்போற புள்ள, அதை ஏசாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

"இல்லக்கா. சத்தியமா நான்தான்."

அந்தோணியம்மாள் மாவுக் கையோடு என் கன்னத்தைத் தட்டினார். "இன்னுமா இவரைக் காப்பாத்தற? போதும் லா."

நான் காலண்டர் அண்ணனைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செம்பிலாங் எல்லாம் அவரைத் தேதி தெரியாத ஆள் என்று சொல்லி இத்தனை வருஷம் சிரித்திருக்கிறது. தேதியைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதரை!

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் தட்டை என் பக்கம் கொஞ்சம் தள்ளினார். எட்டு வருஷம் ஒரே ஆபிஸில் இருந்தும் நாங்கள் ஒரு தட்டில் சாப்பிட்டதில்லை. அன்றைக்குச் சாப்பிட்டோம், பழம் தீரும்வரை.